உடைசலில் எழுதிய முட்டைகள்

எங்கள் கோழிப்பண்ணைக்கு இரண்டாவது கொட்டகை போட அப்பா கடன் கேட்டபோது, பேங்க் மேனேஜர் கணக்கைக் காட்டச் சொன்னார். அப்பா தன் நெற்றியைத் தொட்டு, எல்லாம் இங்கே இருக்கிறது என்றாராம். அந்த இடத்தில் சீல் குத்த முடியாதே என்று மேனேஜர் வருத்தப்பட்டாராம். அப்படித்தான், தொழில் செய்பவர்களுக்காக நாமக்கல்லில் ஞாயிறுதோறும் நடந்த கணக்கு வகுப்பில் அப்பா சேர்ந்தார்.

பாடமெல்லாம் இங்கிலீஷில் இருக்கும் என்று யாரோ அவரைப் பயமுறுத்திவிட்டார்கள். நான் அப்போது இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். "ஸ்கூலுக்குப் பீஸ் கட்டறது எதுக்கு, வா சாமி" என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். டெபிட்டும் கிரெடிட்டும் எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் விளங்கியதுபோல் தலையை ஆட்டினேன். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. இப்போதும் கொஞ்சம் குறைவுதான்.

வகுப்பெடுத்தது சேலத்திலிருந்து வந்த ஓர் இளம் ஆடிட்டர் மேடம். எது ஓரிடத்தைவிட்டுப் போனாலும் இன்னோரிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும், சேர்ந்த இடம் தெரியாதவரை கணக்கு முடியவில்லை என்று அவர் சொன்னார். முன் வரிசையில் இருந்த, போர் போடும் ரிக் வண்டி முதலாளி எழுந்து, "ஏனுங்க மேடம், எங்க டீசல் பொகையாத்தானுங்க போவுது. அது எங்கீங்க போய்ச் சேருது?" என்றார். "நீங்க போட்ட போர்ல சேருதுங்க" என்றார் மேடம், சிரிக்காமல்.

அந்த ஒரு விதி என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மா தலைக்கு வைத்த எண்ணெய் தலையணை உறையில் சேர்ந்திருந்தது. கரும்பலகையிலிருந்து போன சாக்பீஸ் டீச்சரின் சேலையில் இருந்தது. கரைகிற சோப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கப் பாத்ரூம் தண்ணீரைப் பின்தொடர்ந்து சாக்கடைவரை போய் முதுகில் ஓர் அடி வாங்கினேன். அப்புறம்தான் முட்டைக்கு வந்தேன்.

பண்ணையில் முட்டை எண்ணிக்கை அம்மாவின் பொறுப்பு. சாயங்காலம் அப்பாவிடம் வாயால் ஒப்புவிப்பார்; வகுப்பு தொடங்கியதிலிருந்து ஒரு நோட்டிலும் எழுதிவந்தார். வெள்ளிக்கிழமையானால் மட்டும், "ஒரு அட்டை ஒடைஞ்சு போச்சுங்க" என்பார். அப்பா தலையாட்டுவார். உடைந்தால் ஓடு இருக்க வேண்டுமே? கொட்டகைக்குப் பின்னாலிருந்த குப்பைக்குழியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை; அத்தனைக்குரிய ஓடு அங்கே இல்லவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஸ்கூட்டரில் கோயிலுக்குக் கிளம்பியபோது, நானும் வாரேன் என்று அழுது ஏறிக்கொண்டேன். காலடியில் துண்டு சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. கேட்டால் பூஜைச் சாமான் என்றார். கோயிலைத் தாண்டி ஸ்கூட்டர் மல்லசமுத்திரம் போய், அப்பாவின் அக்காவுடைய டிபன் கடையில் நின்றது.

அத்தையோடு அப்பா பேசுவதில்லை. மாமா இறந்த பிறகு அத்தை நிலத்தில் பங்கு கேட்டுக் கேஸ் போட்டிருந்தார். இந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட அங்கே போகக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அத்தை மூட்டையைப் பிரித்தார். அட்டை நிறைய முட்டைகள், ஒன்றில்கூடக் கீறல் இல்லை. எனக்கு முட்டை தோசை சுட்டுக் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு தோசையை நான் அதற்குமுன் தின்றதில்லை. திரும்பும்போது அம்மா, "அப்பாகிட்டச் சொல்லிராத சாமி" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் ஒவ்வொருவராக எழுப்பி அவரவர் தொழில் கணக்கைக் கேட்டார். அப்பாவின் முறை வந்தது; நோட்டைப் பார்த்து, வாரம் ஓர் அட்டை உடைசல் என்று வாசித்தார். "பேங்க்ல முதல்ல இதத்தான் கேப்பாங்க. வாரம் தவறாம ஒரு அட்டை எப்படிங்க உடையும்? யாராவது எடுக்கறாங்களா பாருங்க" என்றார் மேடம். அப்பா முட்டை பொறுக்கும் ஆளின் பெயரைச் சொல்லி, அவன்மேல் சந்தேகம் என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அது ஒடையலைங்க மேடம். மல்லசமுத்திரத்துல எங்கத்தை கடையில போய்ச் சேருதுங்க" என்றேன்.

ஹாலே சிரித்தது. அப்பாவிடம்தானே சொல்லக்கூடாது? நான் மேடத்திடம்தான் சொன்னேன்.

அப்பா வண்டியை நேராக வீட்டுக்கு விட்டார். வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். அப்பா பாதி சாப்பிட்ட பிறகு என்னிடம் கேட்டார்.

"கடையில கூட்டம் வருதா?"

"வருதுங்கப்பா. முட்டை தோசைதான் நெறய போவுது."

"அக்கா எளைச்சிருக்குதா?"

தெரியாது என்று நான் சொன்ன முதல் சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன். நான் தோசையைத்தான் பார்த்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை முட்டை அறைக்குள் அப்பா வந்தார். அம்மா எடுத்து வைத்திருந்த அட்டையிலிருந்து சின்ன முட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பெரியதாகப் பார்த்து அடுக்கினார். துண்டைச் சுற்றி ஸ்கூட்டரில் தானே வைத்தார். "ஒடைசல்லயே எழுதிக்க" என்றார் அம்மாவிடம்.

எனக்குக் கோபமான கோபம். போய்ச் சேருகிற இடம் தெரிந்த பிறகும் உடைசலா? மேடம் சொன்னதெல்லாம் வீண்தானா? கேட்டேன்.

"மேடத்துகிட்ட நாஞ் சொல்லிக்கறேன், நீ போய்ப் படி" என்றார் அப்பா.

அம்மா வண்டியைக் கிளப்பினார். கேட் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த அப்பா, திடீரென்று பின்னாலேயே நாலு எட்டு ஓடினார்.

"ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவாப் போ. ஒடைஞ்சிரப் போவுது."

உடைந்ததாக எழுதச் சொன்ன முட்டைக்கு இவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று, கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன்.