கூலிக்குப் பதில் இரும்புக் குண்டு

உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் குஷன் தைக்கும் அம்மாளுக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரம். பெஞ்சுகள் அத்தனைக்கும் பழைய உறையை உரித்து, பஞ்சை மாற்றி, கறுப்பு ரெக்ஸினை இழுத்து அடித்துக் கொடுத்த கூலி. சரக்கு வாங்கியதும் அவளுடைய கைக்காசில்தான்.

கேட்டால்தானே கிடைக்கும்? மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அவள் புலி; காசு கேட்கப் போனால் நனைந்த கோழி. மாடிப்படி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறுவாள். மேலே போனதும், "சும்மாதான் மாஸ்டர், இந்தப் பக்கம் வந்தேன்" என்பாள்.

"வாங்கக்கா. ரெக்ஸின் எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க."

"ஆமா மாஸ்டர்" என்று தன் வேலையைத் தானே மெச்சிவிட்டு இறங்கிவிடுவாள். கூச்சம் என்பது சொத்துள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் நகை. கைத்தொழில் செய்கிறவருக்கு அது காலில் கட்டிய கல். உழைத்து மேலே வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒருநாள் மாஸ்டருக்கே மனது இளகியது. "பணம் எங்கேக்கா ஓடிடப் போகுது? அதுவரைக்கும் காலையில பொம்பளைங்க நேரத்துக்கு வந்து சும்மா பயிற்சி பண்ணுங்க. முதுகுவலி போயிடும். உங்ககிட்டப் போய் ஃபீஸ் வாங்குவேனா?"

கடன்காரனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள், மகராசி.

கூடவே இருந்து தையல் வேலை பார்க்கும் நாத்தனார் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அண்ணி, அந்தாளு நமக்குக் காசு தரணும். நீங்க போய் அந்தாளு இரும்பைத் தூக்குறீங்க. நாளைக்கு இடத்தைப் பெருக்கச் சொன்னா பெருக்குவீங்களா?"

பெருக்கவில்லை. ஆனால் ஓசியில் பயிற்சி செய்கிறோமே என்று உறுத்தி, கிழிந்து தொங்கிய குத்துப்பையைக் கூலியில்லாமல் தைத்துக் கொடுத்திருந்தாள். அதை நாத்தனாரிடம் சொல்லவில்லை.

மாஸ்டர் அவள் கையில் கொடுத்தது கெட்டில்பெல். பெரிய பூட்டைப் போல மேலே பிடி வளைந்த இரும்புக் குண்டு. இருப்பதிலேயே சின்னதைத்தான் கொடுத்தார். முதல் நாள் அதைத் தண்ணீர்க்குடம் தூக்குவது போலக் குனிந்து தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முதுகை வளைக்காதீங்கக்கா. இடுப்பைப் பின்னால தள்ளுங்க. காலால தரையை மிதிச்சு எழுந்திருங்க. பார்வை நேரா இருக்கணும். தரையையே பாத்தா தரையிலதான் கிடப்பீங்க." அறிவுரைக்குச் செலவில்லை என்பதால் மாஸ்டர் அதில் மட்டும் தாராளம்.

புது ஷூவும் புது உடுப்புமாக வந்த பெண்கள் கண்ணாடி முன்னால் படம் எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள். இவள் போகவில்லை. தையலில் ஓர் அங்குலம் கோணினாலும் பிரித்துத் தைக்கிற பிடிவாதம், இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. காலிடுக்கில் வீசி, மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வீசி, தினமும் அதே. சின்னக் குண்டு போய் நடுத்தரம் வந்தது. நடுத்தரம் போய், ஆண்களே கண்டும் காணாததுபோல ஒதுங்கிப் போகிற குண்டு வந்தது.

படித்தவர்கள் இதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைத்து, வகுப்பு நடத்திக் காசு பார்ப்பார்கள். இவளுக்கு அது ரெக்ஸின் கடையில்தான் தெரிந்தது. கடைக்காரர் வழக்கம்போல வெடித்துப்போன பழைய ரோலைத் தள்ளினார். "உள்ளே இருக்கிற புதுசை எடுங்க. நான் நிக்கிறேன்" என்றாள். நின்றாள். எடுத்து வந்தார். கூரை இடிந்து விழவில்லை. அடடா, இவ்வளவுதானா என்று அவளுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே, கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து, ஸ்பானரோடு மாடியேறினாள்.

"மாஸ்டர், என் கூலி."

"அடுத்த மாசம் பாப்போம்கா."

அவள் நகரவில்லை. மாஸ்டர் சிரித்தார். "இத்தனை மாசம் பயிற்சி குடுத்திருக்கேன். அந்த ஃபீஸைக் கழிச்சா நீங்கதான் எனக்குத் தரணும் போலிருக்கே."

"சும்மான்னு சொன்னது உங்க வாய். நானும் குத்துப்பையைச் சும்மா தைச்சேன். அதுக்கு இது சரியாப் போச்சு. பதினெட்டாயிரம் தாங்க."

"இல்லைன்னா?"

"பெஞ்சு உங்களுது. மெத்தை என்னுது." முதல் பெஞ்சின் அருகே போய், படுத்திருந்தவனிடம், "எந்திரிங்க தம்பி" என்றாள். எழுந்துவிட்டான்.

அடியில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினாள். பலகையோடு கூடிய மெத்தைகள் அவை. தைத்துக் கொடுத்த அன்றைக்கு அவற்றை மேலே ஏற்றுவதற்குள் இரண்டு கூலியாட்களுக்கு மூச்சுவாங்கியது. இடுப்பைப் பின்னால் தள்ளி, காலால் தரையை மிதித்து, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பிசகு இல்லை. கீழே நாத்தனார் தள்ளுவண்டியோடு நின்றாள். "அண்ணி, மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மூன்றாம் நடையில் கூட்டத்துக்குப் பொறுமை போயிற்று. "மாஸ்டர், காசு கட்டிட்டு வெறும் கம்பியிலயா படுக்கிறது?"

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றார் மாஸ்டர். மேசை இழுப்பறையைத் துழாவினார். போதவில்லை. பிறகு தூண் போன்ற கைகளை நீட்டி, ஒவ்வொருவரிடமும் அடுத்த மாத ஃபீஸை முன்பணமாகக் கேட்டுக்கொண்டு கூடத்தையே சுற்றி வந்தார். கேட்பது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும், முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

அவள் மெத்தைகளைச் சுவரில் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள். மாஸ்டர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். கடைசி நோட்டு விழும்வரை அவள் உள்ளங்கையை மூடவில்லை.