ஒரு பக்கத்தில் அடங்காத வரி

பள்ளியில் அவரை எல்லோரும் அறிவியல் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக எட்டாம் வகுப்புக்கு அதே பாடம், அதே இரண்டாவது மாடி. வகுப்பின் மூலையில் கைப்பிடி உடைந்த ஓர் அலமாரி இருந்தது. பள்ளிக்கு ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். பன்னிரண்டு சோதனைக் குழாய்கள், இரண்டு ஸ்பிரிட் விளக்குகள், பெயர்ச்சீட்டு மங்கிப்போன உப்பு பாட்டில்கள். இருப்பதை வைத்து எதையாவது செய்து காட்ட வேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் என்ன வேண்டும், எதை முதலில் செய்வது, பிள்ளைகளிடம் என்ன கேட்பது என்று தாளில் எழுதி வைத்துக்கொள்வார்.

ஆசிரியர்கள் பாடங்களைப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் இலவசத் தளம் ஒன்று வந்தபோது, தன் தாள்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். காசு கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் முகம் தெரியாத ஊர்களிலிருந்து நன்றி சொல்லி எழுதினார்கள். தன் பிள்ளைகள் முதல்முறையாக ஒரு பரிசோதனையைப் பார்த்தார்கள் என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்ததை, டீச்சர் சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல, "இன்னிக்கு எத்தனை பேர் எடுத்திருக்காங்க?" என்பார். டீச்சர் எண்ணைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்க்கும். நானூறு தாள்களை ஏற்றிய பிறகும் அது குறையவில்லை.

தாள்கள் நீளமாக இருக்கின்றன, அச்செடுக்கத் தோதாக இல்லை என்று சிலர் எழுதினார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குச் சுருக்கினார். நிறச்சுடர் சோதனையும் அதில் ஒன்று. சின்னக் கிண்ணங்களில் வெவ்வேறு உப்புகளைப் போட்டு, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் சுடர் பச்சையாகவும் சிவப்பாகவும் எரியும். பழைய தாளில், ஸ்பிரிட் பாட்டிலை மூடி அறையின் மறுகோடியில் வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும், அணைந்ததுபோல் தெரிந்தாலும் மறுபடி ஊற்றக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. சுருக்கிய தாளில் அது இல்லை. இரண்டு வரி மிஞ்சிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடியது. இதை எந்த அறிவியல் ஆசிரியருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்து எடுத்துவிட்டார்.

நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாவது வருடம் ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளையில், தளத்தின் வழியாக ஒரு கடிதம் வந்தது. ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போனால் வரும் ஊரிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர் எழுதியிருந்தார். அவர் பள்ளியில் அறிவியலுக்கு ஆள் இல்லாததால் அந்த வகுப்பும் அவர் தலையில் விழுந்திருந்தது. தாளில் உள்ளபடியே நிறச்சுடரைச் செய்து காட்டினாராம். வெயில் வெளிச்சத்தில் ஒரு கிண்ணத்தின் சுடர் தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்திருக்கிறார். தீ பாட்டிலுக்குத் தாவி, பீறிட்டு, எதிரில் நின்ற மாணவியின் மேல் போய் விழுந்தது. கழுத்திலும் வலது கையிலும் காயம். ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

கடிதம் இப்படி முடிந்தது: "பாட்டிலை எங்க வைக்கணும்னு உங்க தாள்ல எங்கயாவது போட்டிருக்கீங்களா டீச்சர்? நான் எத்தனையோ தடவை படிச்சேன். என் கண்ணுலதான் படலையோ என்னவோ."

டீச்சர் அன்று பிற்பகல் வகுப்பு எடுத்தார். என்ன நடத்தினார் என்று பிறகு யோசித்தபோது நினைவு வரவில்லை. மணி அடித்ததும் ஆசிரியர் அறைக் கணினியில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திறந்தார். தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று எடுத்த வரி அது. தெரிந்தவர்கள் எதற்காக இந்தத் தாளைத் தேடி வரப்போகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடனே அந்த வரியை மேலே பெரிய எழுத்தில் சேர்த்து, பழையதை எடுத்துவிட்டு, புதியதை அதே இடத்தில் ஏற்றினார். இன்னொரு வகுப்பில் இது நடந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். கணவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"பதில் போடாத," என்றார். "எழுத்துல ஒரு வார்த்தை குடுத்தா அதை வச்சே உன்னை இழுப்பாங்க. நீ பத்தவைக்கல. அந்தாளு பத்தவச்சான்."

டீச்சர் பதில் போடவில்லை. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவர் பின்னால் யாரிடமும் சாக்குச் சொன்னதில்லை.

பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. "விசாரணையில உங்க தாளை பிரிண்ட் எடுத்து மேசை மேல வச்சாங்க. அந்த வரி பெருசா மேலயே இருக்கு. நான் எடுத்த தாள் மேசையோட எரிஞ்சுபோச்சு. அப்போ அந்த வரி இல்லைன்னு சொன்னா யாரும் நம்பல. என் வீட்டுக்காரியே நம்பல. வேலையை விட்டு எடுத்துட்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அது இருந்துச்சா, இல்லையா?"

தளத்தில் அந்த வரி இல்லாத சுருக்கிய தாளின் சுவடு எதுவும் இல்லை. டீச்சருக்குத் தெரிந்தவரை, அவர் கணினியில் மட்டும், தேதியோடு, அது இருந்தது. அவர் அழித்துவிட்டால் தீர்ந்தது. கணவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ அங்கே போய் நின்றால் உன் வேலைக்கும் உலை வைத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னார். டீச்சர் அந்தத் தாளை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். கிளம்பும் முன் அந்த ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினார்: "இல்ல சார். நீங்க சொன்னது சரி. நான் வர்றேன்."

விசாரணை அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. முடித்துக் கட்டிவைத்த கோப்பை மறுபடி அவிழ்க்க வேண்டியதாயிற்று. ஏன் மாற்றினீர்கள், மாற்றியதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை, ஒரு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். டீச்சர் மூன்று பக்கத்தில் வாக்குமூலம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வெளியே பெஞ்சில் வரலாற்று ஆசிரியர் காத்திருந்தார். அவருக்குத் தன் மகன் வயதிருக்கும் என்று டீச்சர் நினைத்திருந்தார். அப்படியில்லை, தலை பாதி நரைத்த மனிதர். டீச்சர் அவரிடம் அந்த மாணவியின் வீட்டுக்கு வழி மட்டும் கேட்டுக்கொண்டார்.

பெண்ணின் அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். டீச்சர் வாசலில் நின்று தான் யார் என்று சொன்னார். அந்த அம்மா உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார்.

"அந்த வாத்தியார் மேல கோபம் இருக்கு," என்றார். "உங்க மேல என்ன இருக்குன்னு தெரியல. நீங்கன்னு ஒரு ஆள் இருக்கறதே இப்பதான் தெரியுது."

டீச்சர் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தார். அவற்றைச் சொல்லவும் செய்தார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

உள் அறையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் கட்டு. வலது கையின் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள் போல, அந்த விரல்களில் மை.

"நான் ரொம்பக் கிட்ட போய் நின்னதாலதான் ஆச்சுன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு," என்றாள். "அப்படியா டீச்சர்?"

சுருக்கிய தாளின் நான்காவது வரி டீச்சருக்கு மனப்பாடம். நிறம் நன்றாகத் தெரிய, மாணவர்களை மேசையைச் சுற்றி நிற்கச் சொல்லவும்.

"இல்லம்மா," என்றார். "நிக்கச் சொல்லி எழுதினதே நான்தான்."

அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு மாதம் கழித்து ஆணை வந்தது. வேலைநீக்கம் ரத்தாகி, வரலாற்று ஆசிரியருக்கு இடமாற்றம் கொடுத்தார்கள். அவர் அந்த வேலையில் சேரவில்லை. வகுப்புக்குள் கால் வைக்க முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். மைத்துனரின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறார். டீச்சரின் பள்ளி அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. பிறகு அறிவியல் பாடத்தை அவரிடமிருந்து எடுத்து, தேர்வு வேலைகளைப் பார்க்கச் சொன்னது. எட்டாம் வகுப்புக்கு இப்போது அறிவியல் எடுப்பவர் விளையாட்டு ஆசிரியர். பாடத்துக்கு என்ன செய்வது என்று கேட்டு வருவார். டீச்சர் ஒவ்வொரு வரியாக, அவர் கொட்டாவி விடும்வரை விளக்குவார்.

தளத்தில் இருந்த நானூறு தாள்களையும் டீச்சர் எடுத்துவிடவில்லை. எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தார். ஆள் இல்லாத பள்ளிகளில் அவற்றை நம்பி வகுப்புக்குள் போகிறவர்களை நினைத்து விட்டுவிட்டார். மாலையில் ஒரு தாளை எடுத்து, அறிவியலே தெரியாத ஒருவர் படிப்பதாக நினைத்துக்கொண்டு திருத்துகிறார். பல தாள்கள் மூன்று பக்கமாகிவிட்டன. இப்போது எடுப்பவர்கள் குறைவு. கணவர் எண்ணிக்கை கேட்பதை நிறுத்திவிட்டார்.

பின்னால் தேடிப் பார்த்தபோது, சுருக்கிய நிறச்சுடர்த் தாள் வேறு பதினொரு தளங்களில், டீச்சர் பெயர் இல்லாமல், அப்படியே கிடந்தது. யார் யாரோ எடுத்துப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் எழுதினார். ஏழு பேர் மாற்றினார்கள். மூன்று பேரிடமிருந்து பதிலே வரவில்லை. ஒரு தளம் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டது: எழுதியவரின் அனுமதி இல்லாமல் எதையும் திருத்துவதில்லை, நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அனுப்பவும். டீச்சர் வீட்டில் தேடினார். அந்தத் தாளோடு அவர் பெயரும் கையெழுத்தும் சேர்ந்திருந்தது விசாரணையில் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தின் நகலில் மட்டும்தான். மூன்று பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். இன்னும் பதில் வரவில்லை.