ஐஸ் கையுறை கிடைத்தவள்

எனக்கும் என் கணவரின் தங்கைக்கும் ஒரே ஆண்டில் மார்பில் புற்றுநோய் வந்தது. கட்டியை முதலில் கண்டவள் நான். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் தனக்கும் ஒன்று இருப்பதாக அவள் வாய் திறந்தாள். பேசாலை மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் எங்கள் இருவருக்காகவும் மன்றாடினார்கள். அவளுடைய பெயரைத்தான் முதலில் வாசித்தார்கள். பாடகர் குழுவில் பாடுகிறவள் அல்லவா. சாவுப் பயம் நெஞ்சை அடைத்திருந்த அந்த நேரத்திலும் எனக்கு அது சுருக்கென்று பட்டது.

நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவள் மீது எனக்கு இருந்த எரிச்சல் அன்று தொடங்கியதல்ல. அவள் கணவருக்குச் சொந்தப் படகு இருந்தது. என் கணவர் அடுத்தவர் படகில் தொழிலுக்குப் போனார். அவளுக்குக் குரல் இருந்தது, இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல் இருந்தது. எனக்கு இருந்தது தையல் மட்டும்தான். முதல் நன்மையன்று முதன்முறையாக நற்கருணை வாங்கும் பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளை என்னைப்போல் தைக்க மன்னார்த் தீவில் ஆளில்லை என்று சொல்வார்கள். கழுத்தோரத்தில் மணி கோப்பதையும், கீழ்மடிப்பை நூல் வெளியே தெரியாமல் கையால் தைப்பதையும் நான் ஒருவரிடமும் விட்டதில்லை. மச்சாளுக்கு அறுந்த பொத்தானைத் தைக்கவும் தெரியாது.

மருந்து ஏற்றுவதற்கு வெளி மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்ததால் பாதை நன்றாக இருந்தது. இருவருக்கும் ஒரே நாள், ஒரே வான் வண்டி. கருவாடு காயும் கரையைத் தாண்டும்வரை இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்போம். பிறந்ததிலிருந்து பழகிய வாசம் அந்த மாதங்களில் வயிற்றைப் புரட்டியது. பாலத்தில் கடல்காற்று முகத்தில் பட்டால்தான் மூச்சு வரும். பிறகு தலைமயிர் கொட்டியது. அவளுடைய கூந்தல் போனதற்கு ஊரே அழுதது. என்னுடையது போனதை என் வீட்டார் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தார்கள்.

முதல் மருந்து முடிந்து அடுத்ததைத் தொடங்க இருந்தபோது ஓர் இளம் பெண் மருத்துவர் எங்களிடம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அங்கே ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"அம்மா, இனி ஏத்தப்போற மருந்தால சில பேருக்கு விரல் நுனி விறைக்கும். நகம் கறுக்கும், தோல் உரியும். மருந்து ஏறேக்க கையை ஐஸ் கையுறைக்குள்ள வைச்சிருந்தா அது குறையுமோ எண்டு பாக்கிறம். பாதிப்பேருக்குப் போடுவம், மற்றவைக்குப் போடமாட்டம். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உண்மை தெரியும்."

"ஆருக்குப் போடுறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது?" என்று கேட்டேன்.

"நான் இல்லை அம்மா. சீட்டுக் குலுக்கிற மாதிரி கொம்பியூட்டர் எடுக்கும். விருப்பமில்லாட்டி நீங்கள் சேரத் தேவையில்லை. இடையில விலகினாலும் வைத்தியத்தில ஒரு குறையும் வராது."

நான் உடனே தலையாட்டினேன். விரல்தான் என் பிழைப்பு. கடவுள் அந்தக் கொம்பியூட்டருக்குள் புகுந்தாவது எனக்குக் கொடுப்பார் என்று நம்பினேன்.

கையுறை மச்சாளுக்கு விழுந்தது.

அவள்தான் முந்திக்கொண்டு பேசினாள். "டொக்டர், இவ தையல்காரி. எனக்கு விரல் விறைச்சா என்ன, விறைக்காட்டி என்ன? என்ரைய இவவுக்குக் குடுங்கோ."

"அது ஏலாது அம்மா. ஆக்களை மாத்தினா முழு ஆய்வும் பிழைச்சுப் போயிடும். ஐஸ் உதவுமோ எண்டும் இன்னும் தெரியாதுதானே. சிலவேளை ஒண்டும் செய்யாது."

பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி அவளுடைய தோளைத் தடவி, "நல்ல மனம் உங்களுக்கு" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கையுறையும் அவளுக்கு, அதை விட்டுக்கொடுக்கப் பார்த்த நல்ல பெயரும் அவளுக்கு.

மருந்து ஏற்றும் நாட்களில் எங்கள் கதிரைகள் அருகருகே இருந்தன. ஐஸ் பெட்டியிலிருந்து தடித்த நீலக் கையுறைகளை எடுத்து அவளுடைய இரண்டு கைகளிலும் மாட்டுவார்கள். என் கைகள் மடியில் வெறுமனே கிடக்கும். சிறிது நேரத்தில் அவள் பல்லைக் கடிப்பாள், கண்ணால் தண்ணீர் வழியும்.

"எலும்புக்குள்ள ஊசி இறக்கிற மாதிரி இருக்கு மச்சாள். நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

"அப்ப கழட்டி எறியன்" என்றேன்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு எப்பிடிக் கழட்டுறது? டொக்டர் பாவம்."

ஒருமுறை அவளுடைய சின்னவிரல் ஓரம் சிவந்து கொப்பளித்தது. மருத்துவர் அதைப் படம் எடுத்தார், மருந்து பூசினார். இனி அவளை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. ஆனால், தொடரட்டுமா என்று அவர் கேட்டதற்கு மச்சாள் ஓம் என்றாள். அடுத்த தடவை உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு மேலே ஐஸ் கையுறையை மாட்டினார்கள். கொப்பளம் பிறகு வரவில்லை.

எனக்கு முதலில் பெருவிரல் போனது. வலியில்லை, விரல் இருக்கிற உணர்வுதான் இல்லை. வீட்டில் ஒருநாள் வெள்ளைச் சட்டை ஒன்றுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஏதோ பரவுவதைக் கண்ட பிறகுதான் ஊசி விரலுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது. நகங்கள் கறுத்தன. உள்ளங்கைத் தோல் உரிந்து பட்டுத் துணியில் கொழுவிச் சிக்கியது.

இடைக்கிடை நரம்புப் பரிசோதனை நடக்கும். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நைலோன் போன்ற ஒரு மெல்லிய நூலால் விரல் நுனிகளைத் தொடுவார்கள். பட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும். மச்சாளுக்குத்தான் முதலில் செய்வார்கள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓம், ஓம், ஓம் என்று பிரார்த்தனைக்குப் பதில் சொல்வதுபோல் அவளுடைய குரல் வரும். பிறகு என் முறை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். மருத்துவரின் சட்டைக் கை அசையும் சத்தம் கேட்கும், மின்விசிறி சுழலும். விரலில் ஒன்றும் நடக்காது.

"தொட்டிட்டீங்களோ டொக்டர்?"

"ஓம் அம்மா, தொட்டிட்டன்."

மணிக்கட்டில் வயர் ஒட்டிச் சின்னதாக மின்சாரம் கொடுத்தும் பார்த்தார்கள். கை துள்ளியது. திரையில் கோடு எழும்பியது. அவளுடையதை நான் எட்டிப் பார்த்திருந்தேன், அது உயரமாக இருந்தது. என்னுடையது குட்டையாக எழும்பி உடனே படுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் மோசம் கடைசி நாள் வைத்த பொத்தான் பரீட்சை. ஒரு துணியில் பொத்தான்கள் இருந்தன. எவ்வளவு விரைவாகப் பூட்டுகிறோம் என்று பார்த்தார்கள். மச்சாள் கடகடவென்று பூட்டிவிட்டுச் சிரித்தாள். நான் எத்தனையோ சட்டைகளுக்குப் பொத்தான்துளை தைத்தவள். அன்று என் ஆட்காட்டி விரலும் பெருவிரலும் ஒன்றையொன்று தேடித் தடுமாறின. முதல் பொத்தான் துளைக்கு வெளியே வழுக்கிக்கொண்டே இருந்தது. மச்சாள் எழுந்து வந்து உதவக் கை நீட்டினாள்.

"தொடாத!" என்று கத்திவிட்டேன். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மருத்துவர் துணியை மெல்ல என் கையிலிருந்து வாங்கினார். "காணும் அம்மா, விடுங்கோ. இது சோதினை இல்லை, பாஸ் பெயில் ஒண்டும் இல்லை. கன பேருக்கு மெல்ல மெல்லத் திரும்பி வரும்."

"அவவுக்கு ஐஸ் போட்டதாலதானே நல்லா இருக்கு?"

"உங்கள் ரெண்டு பேரை மட்டும் வைச்சு அப்பிடிச் சொல்லேலாது. எல்லாற்ற முடிவையும் சேர்த்துப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் மனதுக்குள் அந்த ஆய்வின் முடிவு அன்றே எழுதியாகிவிட்டது.

மருந்து முடிந்தது. இருவருக்கும் நோய் அடங்கியது. முதல் நன்மைக் காலம் நெருங்க, வழக்கமான வீட்டார் வெள்ளைத் துணியோடு வந்தார்கள். மறுக்க மனமில்லாமல் வாங்கி வைத்தேன். மெசினில் தைத்துவிடலாம், கைவேலைக்கு என்ன செய்வது? ஒருநாள் பின்னேரம் மச்சாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஊசியில நூல் கோத்துத் தாறன். நீங்கள் தையுங்கோ."

போ என்று வாய்வரை வந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து ஓர் ஊசியிலும் நூல் கோக்க முடியாமல் இருந்தேன். அவளை இருக்க விட்டேன். சில நாட்களில் மணி கோக்கக் கேட்டாள். பிறகு கீழ்மடிப்புத் தைக்கக் கேட்டாள். முதலில் கோணலாகத் தைத்தாள், நான் பிரிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் பிரித்தாள், மறுபடி தைத்தாள். வேண்டுமென்றே சில நல்ல தையல்களையும் பிரிக்கச் சொன்னேன். அதையும் பிரித்தாள்.

முதல் நன்மை அன்று கோயில் வாசலில் ஒரு தாய் தன் மகளின் சட்டை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "இந்த மடிப்பு ஆர் தைச்சது? நூலே தெரியேல்லை."

"நான்தான் தைச்சனான். மச்சாள் பழக்கினவ" என்று அவள் என்னைக் காட்டினாள்.

"அப்ப என்ர ரெண்டாவது பிள்ளைக்கும் நீங்களே தையுங்கோ" என்று அந்தத் தாய் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து ஒரு புன்னகை மட்டும்.

இப்போது என் விரல்களில் கொஞ்சம் உணர்வு திரும்பியிருக்கிறது. சுடுதண்ணீர் தெரிகிறது, துணியின் சொரசொரப்புத் தெரிகிறது. மெல்லிய ஊசி இன்னும் தெரியவில்லை. தடித்த கத்தரிக்கோலைப் பிடிக்க முடிகிறது. ஆகவே அளவெடுத்துத் துணி வெட்டி மெசினில் தைப்பது நான், கைவேலை அவள். கேட்டு வருகிறவர்கள் இப்போது அவளுடைய பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள். அவள் பாடிக்கொண்டே தைக்கிறாள். நான் மெசினைக் கொஞ்சம் வேகமாக மிதிக்கிறேன்.

போன கிழமை அவள் மேசையில் பரப்பியிருந்த துணியைத் தடவிக்கொண்டு கேட்டாள். "மச்சாள், எனக்கு வெட்டவும் பழக்கிவிடுங்கோவன்."

"பிறகு பாப்பம்" என்று கத்தரிக்கோலை என் பக்கம் இழுத்து வைத்தேன். முன்பு கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.