தூணுக்குப் பக்கத்தில் மூன்றாவது பெண்

1. ஜன்னலில் நாலு தலை

வெள்ளானூர் போகிற வழியில் இருந்த டூரிங் கொட்டகையில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாள். மெஷினைத் துடைத்து முடிப்பதற்குள் கேபின் ஜன்னலில் நாலு தலை.

"அண்ணாத்தே, ஈரோ ஊட்டு அட்ரஸ் இன்னா?"

"புதுப் படப் பெட்டி எப்போ வருது?"

வேலையை விடும்வரை இந்த இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை.

முதல் கேள்விக்கு அவர்களே ஒரு விடை வைத்திருந்தார்கள். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு முகவரி இருக்கும். அதற்குக் கடிதம் போடுவார்கள். அது போஸ்டரை அச்சடித்த சிவகாசி பிரஸ்ஸின் முகவரி. எத்தனை பேருடைய கல்யாணப் பத்திரிகை அந்த பிரஸ்ஸுக்குப் போயிருக்குமோ! எடுத்துச் சொன்னால், "உனக்குப் பொறாமைப்பா" என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை பொறுமைதான். அப்போதெல்லாம் ஒரு படத்துக்குக் கொஞ்சம் பிரிண்ட்தான் போடுவார்கள். முதலில் மவுண்ட் ரோடு, பிறகு பெரிய ஊர்கள், எல்லாரும் ஓட்டித் தேய்த்த பிறகு எங்கள் கொட்டகை. பிலிமில் விழுந்த கீறலால் திரையில் மழை பெய்யும். அறுந்த இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதைத்தான் பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி இறக்குவோம்.

2. கன்னியம்மா

கன்னியம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் பொட்டலம் கட்டுகிறவள். ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணாத்தே, என் தங்கச்சி ராணி, சினிமால டான்ஸ் ஆடப் போறேன்னு நைனாகிட்ட சண்ட போட்டுகினு போயிட்டா. நாலு வருசமாச்சு. போஸ்டர்ல இருந்த அட்ரசுக்கு மூணு லெட்டர் போட்டேன். பதிலே இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிறகு ஒரு படத்தின் பெயரைச் சொன்னாள்.

"எதிர் ஊட்டுக்காரரு மவுண்ட் ரோட்டுல பாத்தாராம். ரெண்டாவது பாட்டுல, தூணாண்ட மூணாவதா நிக்கிறது ராணிதானாம். நான் போய்ப் பாத்துட்டு வரட்டா? எனக்குத் தனியா போயி பழக்கமில்ல."

"எதுக்கும்மா அலையற? நம்ம கொட்டாய்க்கே வரும். முன்னாடி குந்திகினு பெருசா பாரு."

பெருமையாகத்தான் சொன்னேன். என் கொட்டகை, என் மெஷின் என்ற கொழுப்பு.

ஆறு மாதம் காத்திருந்தாள். ஷிப்ட் முடிந்து போகும்போதெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பெட்டி வந்துச்சா?" என்பாள்.

பெட்டி வந்தது. வழியில் பஸ் பஞ்சர் ஆனதால், முதல் ஆட்டத்துக்கு மணி அடிக்கும்போதுதான் வந்தது. ரீலைக் கையால் சுற்றி ஒட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அன்று நேரமில்லை. அப்படியே மாட்டினேன்.

தரை டிக்கெட்டில் முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தது கேபினிலிருந்தே தெரிந்தது. இரண்டாவது பாட்டு வந்ததும் எழுந்து நின்றாள். பின்னாலிருந்தவர்கள் கத்தியும் உட்காரவில்லை. ஹீரோ ஒரு சுற்றுச் சுற்றினார். படம் ஒரு குதி குதித்தது. அடுத்து ஆஸ்பத்திரி சீன். யாரோ எப்போதோ பாதிப் பாட்டை வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

இடைவேளையில் கேபினுக்கு வந்தாள்.

"அண்ணாத்தே, அந்தப் பாட்ட மறுக்கா போடுவியா?"

"அவ்ளோதாம்மா பிலிம்ல கீது."

அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

3. இரண்டு பிரேம்

மறுநாள் காலையில் அந்த ரீலை அவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டுக்குச் சற்று முன்னால் இரண்டே பிரேமில் ஒரு தூண், பக்கத்தில் வரிசையாகப் பெண்கள். துண்டு பிலிம் கேட்டு வருகிறவர்களை விரட்டியே பழக்கப்பட்டவன் நான். பெட்டியோடு வந்த கம்பெனி ஆள் கண்டால் என் வேலையே போய்விடும். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒட்டினேன்.

சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அதில் ஒரு முகம் கடுகளவு இருக்குமா? எனக்குக் கண்ணும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை.

வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ராணிதான்," என்றாள். "ரொம்ப எளச்சிட்டா."

அதன் பிறகும் எத்தனையோ பேர் பெட்டி எப்போது வரும் என்று கேட்டார்கள். யாரிடமும் நான் காத்திருக்கச் சொன்னதில்லை. "மவுண்ட் ரோட்டுல ஓடுதில்ல? இன்னிக்கே போய்ப் பாத்துடு" என்றுதான் சொல்வேன். முதலாளி என்னைப் பைத்தியக்காரன் என்றார்.