ஜவுளி முதலாளியின் இடுப்பு

தேவேந்திரனுக்கு இடுப்பு வலி வந்து மூன்று வருஷம். பெருமைப் பீற்றல் வந்து முப்பது வருஷம். பொழுது விடிந்தால் தறிக்குழியில் இறங்கி, இருட்டும்வரை குனிந்து கிடக்கிற மனுஷன், வெளியே கிளம்பினால் மட்டும் ஜவுளி முதலாளி. வெள்ளைச் சட்டை, பையில் மூடி திறக்காத பேனா. அந்தப் பேனாவைப் பார்த்தாலே அவன் மனைவி ஏலவார்குழலிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை தனியாகத்தான் போனான். தொழில் என்னவென்று டாக்டர் கேட்டதற்கு, கடையில் உட்கார்ந்து பட்டு வியாபாரம் என்று வாய் கூசாமல் அளந்துவிட்டு வந்தான். முதுகெலும்பில் தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள இரண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

"அந்த எடம் அப்பறம் மடங்காதாமா?" என்று கேட்டாள் ஏலவார்குழலி.

"நாற்காலியில உக்காந்துக்கினு இருக்கறவருக்கு எதுக்கு மடங்கணும்னாரு," என்றான், பட்டம் வாங்கியவன் மாதிரி.

தூ! நாற்காலியாம். இவன் குனிய முடியாமல் போனால் குழியில் யார் இறங்குவது, பேனாவா?

அடுத்த தடவை அவளும் கூடப் போனாள். டாக்டர் எதிரே இவன் கால்மேல் கால் போட்டான். இடுப்பு பிடித்துக்கொண்டதும் முனகிக்கொண்டே இறக்கினான்.

"சட்டையத் தூக்கிக் காட்டுபா," என்றாள்.

"ஏய், சும்மா இரு."

"தூக்குபா!"

தூக்கினான். வயிற்றுக்குக் குறுக்கே கறுத்துக் காய்த்த ஒரு பட்டை. நெய்த புடவையைச் சுற்றும் கட்டை இத்தனை வருஷம் அழுத்திய இடம்.

"இது இன்னா சார், கல்லாப்பெட்டி அழுத்துன தழும்பா? காலையில தறியில குனிஞ்சா ராத்திரிதான் நிமிருவாரு."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நாள் முழுக்கக் குனியறவருக்கு அங்க அசைவை நிறுத்தினா, பாரம் மேல இருக்கிற டிஸ்க்குல ஏறும்." ஸ்கேனை மறுபடி பார்த்தார். கெட்டது ஒரே டிஸ்க், பின்பக்க மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. அசைந்து கொடுக்கிற செயற்கை டிஸ்க் வைக்கலாம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்றார். அதையே வைக்கச் சொன்னாள்.

வெளியே வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டான். "நான்தான்பா டாக்டர்கிட்ட ஆபரேஷன மாத்தச் சொன்னேன்." வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "தொழில்?"

அவன் கை பேனாவைத் தேடி நெஞ்சைத் தடவியது. ஆஸ்பத்திரி அங்கியில் பை இல்லை. மனைவியைப் பார்த்தான்.

"நெசவு," என்றான் மெதுவாக. "பட்டு நெசவு." பட்டு மட்டும் உரக்க வந்தது.

"நல்லா அழுத்தி எழுதிக்கோமா," என்றாள் ஏலவார்குழலி. "கண்ணு முழிச்சா மாத்திச் சொல்லுவாரு."