வெற்றிலை உரலில் இடித்த மாத்திரை

அண்ணனுக்கு வாயில் புற்றுநோய். மடுல்சீமை தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவர் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் ஒரே சுவர். வலி மீறிப்போனபோது பதுளை ஆஸ்பத்திரியில் மோர்பின் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று போட்டால் மாலைவரை மெல்ல மெல்லக் கரையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரால் அதை விழுங்க முடியவில்லை. பல் போன நாளிலிருந்து அவருக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்த கை, அவர் மனைவியான மதினியின் கை. நோய்க்கே வெற்றிலைதான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகு உரல் அடுப்புக்குப் பின்னால் கிடந்தது. மதினி அதை எடுத்து மாத்திரையை இடித்தார். டொக், டொக். அண்ணன் தேறி வெற்றிலை கேட்கிறார் போல என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மதினி ஓடி வந்தார். "தம்பி, ஒங்கண்ணன் கூப்பிட்டா முழிக்கல. மூச்சு எப்பவாச்சும் ஒண்ணுதான் வருது."

மாலைவரை கரைய வேண்டியது மொத்தமும் ஒரேயடியாக உள்ளே போயிருந்தது. ஆட்டோவில் பதுளை போகும்வரை மதினி அவரை உலுக்கி, "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று அதட்டிக்கொண்டே வந்தார். சொன்னால் விட்டார். சொல்லாவிட்டால் மறந்துபோனார்.

ஆஸ்பத்திரியில் மோர்பினை முறிக்கும் நலொக்ஸோன் ஊசி போட்டதும் கண்ணைத் திறந்தார். கூடவே வலியும் விழித்துக்கொண்டது. "எந்த நாய்டா என்னைய எழுப்புனது?" என்று கத்தினார். பிழைத்துவிட்டார் என்று நான் கைகூப்பாத குறை.

ஆனால் நர்ஸ் மிஸ்ஸி கட்டிலை விட்டு நகரவில்லை. பசறைக்காரப் பெண். மதினியிடம் சொன்னார்: "மடுல்சீமை பஸ் மாதிரிதான் அக்கா. மோர்பின் சீட்டுல உக்காந்திருந்திச்சி. இந்த ஊசி அதை எழுப்பிவிட்டுட்டு உக்காருது. ஆனா இது பாதி வழியில, பசறையிலயே எறங்கிரும். அது எறங்காது, நின்னுக்கிட்டே வருது. சீட்டு காலியானா திரும்ப உக்காந்துரும்."

"உக்காந்தா?"

"திரும்ப எழுப்புவோம்."

அப்படியே நடந்தது. பேசிக்கொண்டிருந்தவரின் இமை சரியும், மூச்சு நீளும், மறுபடி ஊசி. அந்தக் கட்டிலோரம் யாரோ பொறுமையாக நிற்பது போலவே இருந்தது எனக்கு.

வீடு திரும்பியபோது மாத்திரைக்குப் பதிலாகத் தண்ணி மருந்து கொடுத்துவிட்டார்கள். மதினி போத்தலைத் தொட மறுத்தார். நான் ஊற்றிக் கொண்டுபோனால் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்து நெளிந்தபடி மதினியையே பார்த்தார்.

"ஏன் புள்ள, கைய கழுவிட்டியா? அன்னைக்கு உரலத்தான் கழுவல. மருந்து முழுக்க வெத்தல வாடை."

மதினி சிரித்துவிட்டார். சிரித்த வாய் அழுதது. என் கையிலிருந்த அளவுக் கோப்பையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவரே புகட்டினார். பிறகு தினமும் அவர் கைதான்.

மழை பிடித்திருந்த ஒரு பகலில் அண்ணன் தூக்கத்திலேயே போனார். நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். அன்று காலையும் மதினிதான் மருந்து கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன், அளவைப் பார்த்தேன்.

இப்போதும் சுவருக்கு அப்பால் சில சமயம் அந்த டொக், டொக் கேட்கிறது. போய்ப் பார்த்தால் மதினி சும்மாதான் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் கேட்பார்.

"தம்பி, அன்னைக்கு அளவு சரியாத்தானே இருந்திச்சி?"

"சரியா இருந்திச்சி மதினி."

தலையாட்டுவார். மறுநாள் போனாலும் அதையே கேட்பார்.