சந்தனம் பூசிய பேஸ் கிடார்

தென்காசியில் கச்சேரிக் குழுக்களுக்கு வாத்தியம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் மைக் செட் பார்த்துக்கொண்டார். வாத்தியம் முழுக்க என் பொறுப்பு. டிரம் செட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது பேஸ் கிடார்தான். நாலே நாலு தடித்த கம்பி. காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்கும்.

பழைய பேஸ் கிடாராகப் பார்த்துத்தான் வாங்குவேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் சாரல் விடாது. புதுக் கிடார் ஈரம் குடித்துக் கழுத்து வளைந்துவிடும், சுருதி நிற்காது. பழைய மரம் வளைய வேண்டியதையெல்லாம் என்றைக்கோ வளைந்து முடித்திருக்கும். கப்பலில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, வாசிக்கத் தெரியாமல் மூலையில் சாத்தி வைத்ததையெல்லாம் தூத்துக்குடிக்கே போய்ப் பேசி எடுத்து வந்தேன். "பழைய கட்டையா வாங்கிக் குவிக்கா" என்று எழுபதுகளில் கடைத்தெருவே சிரித்தது. எண்பதுகளில் அதன் விலையைக் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்படி ஒரு சீசனில், குற்றாலத்துக்குக் குளிக்க வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். முந்தின நாள் கல்யாணக் கச்சேரியில், எங்கள் கடையிலிருந்து போன சிவப்பு பேஸ் கிடாரைப் பார்த்திருக்கிறார். பழைய எலெக்ட்ரிக் கிடார்களைத் தேடிச் சேர்க்கிறவராம். கன்றுக்குட்டிக்குச் சுழி பார்ப்பதுபோல அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெயிண்ட்கூட மாத்தாத பீஸ்மா இது. இதுக்கெல்லாம் வருஷா வருஷம் விலை ஏறிட்டே போகுது. ஆறாயிரம் தர்றேன், குடுத்துடுங்க."

நான் அதை வாங்கியது நானூறுக்கு. மனசு ஆடியது உண்மை. ஆனால் அதை வாசிக்கிற செல்லத்துரை பக்கத்தில்தான் நின்றான். அவனுக்குச் சொந்தக் கிடார் கிடையாது. சீசன் சம்பாத்தியத்தில்தான் அவன் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும். வேறு கிடாரைக் கொடுத்தால் அவன் விரல் தடுமாறும்.

"வித்துருங்கக்கா. நான் தபேலா பக்கத்துல உக்காந்து ஜால்ரா தட்டிக்கிடுதேன்" என்றான். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"இன்னைக்குப் பண்பொழியில சாமி கச்சேரி சார். அச்சாரம் வாங்கியாச்சு. காலையில பேசுவோம்" என்றேன். அவர் நானும் வருகிறேன் என்று எங்கள் வேனிலேயே ஏறிவிட்டார்.

பண்பொழியில்

எங்கள் பக்கம் கோயில் கச்சேரி என்றால் முதல் மரியாதை வாத்தியத்துக்குத்தான். மலையடிவாரத்தில் போட்டிருந்த மேடைக்கு விழாக் கமிட்டி அண்ணாச்சி கிண்ணத்தோடு வந்து, சிவப்புக் கிடாரின் நெற்றியிலும் வயிற்றிலும் சந்தனத்தை அப்பினார். மெட்ராஸ்காரர் பாய்ந்து வந்து கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"ஐயோ, பாலிஷ் போயிடும்!"

"ஏலே, யார்லே இவன்? சாமி சந்தனத்தத் தொடைக்கான்!" அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. முன்வரிசை எழுந்து நின்றது.

நான் நடுவில் புகுந்தேன். "கோவப்படாதீங்க அண்ணாச்சி. சாருக்கு அந்தக் கிடாருன்னா உயிரு. ஒரு சொட்டு ஈரம் படக்கூடாதுன்னு நெனைக்காரு. கச்சேரி முடியுதவரைக்கும் அதுக்குக் குடை பிடிக்கணும்னுல்லா வந்திருக்காரு!"

அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிடாருக்கு மறுபடி சந்தனம் அப்பி, அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, தன் குடையை அவர் கையில் கொடுத்தார். சாரலில் ஓலைப் பந்தல் ஒழுக ஒழுக, செல்லத்துரை வாசித்தான். அவர் பின்னாலேயே நின்று குடை பிடித்தார்.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குக் குடை பிடிச்சுப் பாத்திருக்கேன். கட்டைக்குப் பிடிக்கவர இப்பந்தான் பாக்கேன்" என்று கூட்டத்தில் ஒருத்தி சொல்ல, அண்ணாச்சியே சிரித்துவிட்டார்.

மறுநாள்

காலையில் கடை திறக்கும்போதே அவர் வந்துவிட்டார்.

"வாங்கிட்டுப் போயி எங்க வைப்பீங்க சார்?" என்று கேட்டேன்.

"கண்ணாடி அலமாரியில."

"ஆரு வாசிப்பா?"

"வாசிக்கவா? கூடவே கூடாதும்மா. வாசிச்சா தேயும், தேஞ்சா விலை போச்சு."

அந்த இடத்தில்தான் எனக்கு வியாபாரம் பிடிபட்டது. அவருக்கு வேண்டியது வாசிக்காத கிடார். எனக்கு வேண்டாததும் அதுதான்! பரணில் ஒன்று கிடந்தது. தூத்துக்குடியில் சிவப்புக் கிடாரை விற்ற அம்மா, எடுத்தால் ரெண்டையும் எடு என்று சேர்த்து என் தலையில் கட்டியது. உப்புக் காற்றில் உள்ளே சத்தத்தைப் பிடிக்கிற கம்பிச்சுருள் அறுந்து ஊமையாகிப் போனது. ஒரு தடவை மாட்டிப் பார்த்துப் பெட்டியில் வைத்ததுதான், அப்புறம் வெளியே எடுத்ததே இல்லை. செல்லத்துரை ஏறி இறக்கினான். திறந்து பார்த்த மெட்ராஸ்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"ஒரு கீறல்கூட இல்லையே!"

"சத்தம் வராது சார். இப்பமே சொல்லிட்டேன். பொறவு சண்டைக்கு வரக்கூடாது."

"சத்தம் யாருக்கும்மா வேணும்?"

செல்லத்துரை சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்குப் பின்னால் ஓடிவிட்டான். ஊமைக் கிடார் அதே ஆறாயிரத்துக்குப் போயிற்று. சிவப்புக் கிடாரை நான் வாங்கின விலைக்கே செல்லத்துரைக்குக் கொடுத்துவிட்டேன். சும்மா கொடுத்தால் வாங்குகிறவன் இல்லை அவன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் பெரிய விலை சொன்னால் கையிலிருப்பதை உடனே நீட்டிவிடாதீர்கள். வாங்கி என்ன செய்யப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். விலையை அவர் சொல்லட்டும். எந்தப் பொருளுக்கு என்பதை நாம் சொல்ல வேண்டும்.